பேட்டரியைக் குடிப்பது யார்?

அத்தியாயம் 12

போன இதழை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராமல் இருந்தால், அவர்களுக்காக நாலு வரி மட்டும். பூதக்கண்ணாடி என்று தெருவே கூப்பிடும் செல்போன் ரிப்பேர்காரரின் மனைவி, நம் தையல்காரி, கடையில் இருக்கும் கேமராவைத் தன் போனில் ரகசியமாக இணைத்துக்கொண்டாள். பதினோரு நாளாக வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். பார்த்த பலன், நேற்று மத்தியானம் மூன்று பத்துக்குக் கிடைத்துவிட்டது. அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி சின்னவள், தையல்காரியின் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்தாள் என்றால் தொட்டு எடுத்த கதை இல்லை. எண்ணி ஏழு விநாடி.

இன்று காலை ஏழரைக்கு, வீட்டில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே தையல்காரியின் போன் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சார்ஜர் சொருகியிருந்தது. மறுபக்கம் திரையில் கடை தெரிந்தது. பூட்டிய கடையில் என்ன பார்க்க இருக்கிறது என்று அவளைக் கேட்கவேண்டாம், அவளுக்கே தெரியாது. காலியான மேஜை, காலியான இரண்டு நாற்காலி. அதையும் பார்த்தாள். பிறகு சட்டைக் காலருக்கு வெட்டி வைத்திருந்த அட்டையை எடுத்துப் போனுக்கு விசிற ஆரம்பித்தாள்.

"என்ன இது, போனுக்கு விசிறி வீசுற?"

புருஷன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்து நின்றார். அவள் சட்டென்று திரையை அணைத்தாள்.

"ஈ உக்காந்துச்சு."

"சூடாகுதா? கொண்டா, பாக்கலாம்."

"வேணாம்."

"பேட்டரி நிக்குதா?"

"ஜம்முனு நிக்குது."

"நேத்து மூணு தடவை கூப்பிட்டேன், மூணு தடவையும் ஸ்விட்ச் ஆஃப்."

"நிக்குதுன்னு சொல்றேன்ல. விடுங்களேன்."

அவர் விடவில்லை. ரிப்பேர்காரர் ஒருவருக்குச் சூடான போனைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் அந்தப் போன் அவர் கைக்குப் போனால் தையல்காரியின் மானம் போய்விடும். அது எப்படி என்று தெரிய, அந்தக் கடையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும்.

சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று யார் போனைக் கொண்டுவந்தாலும் பூதக்கண்ணாடி முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கமாட்டார். செட்டிங்ஸைத் திறப்பார். அதில் பேட்டரி என்று ஒரு பக்கம் உண்டு. எந்த ஆப் எத்தனை சதவீதம் பேட்டரியைத் தின்றது என்று வரிசையாகப் போட்டுக் காட்டும். முதல் வரிசையில் இருப்பவனுக்கு அந்தக் கடையில் 'குடிகாரன்' என்று பெயர். 'முதல்ல குடிகாரன் யாருன்னு பாரு, அப்புறம் மூடியைத் திற' என்பது அவருடைய சட்டம். பாதிப் போன்கள் குடிகாரனை நிறுத்தியதுமே ஆறிப்போகும்.

தையல்காரியின் போனில் குடிகாரன் யார்? கடை கேமரா. எண்பத்து மூன்று சதவீதம்.

அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய பெண்டாட்டி தன்னை வேவு பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதைவிடக் கேவலம், சின்னவளுக்கும் தெரிந்துவிடும்.

"சரி, எனக்குக் காட்டவேணாம். சின்னவ வந்ததும் அவகிட்ட குடுத்தனுப்பு. இப்பல்லாம் என்னைவிட அவதான் நல்லா பாக்குறா" என்றார் அவர், சட்டையை மாட்டிக்கொண்டே.

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. நேராகவே சொல்லிவிடுகிறேன், பொறாமையில் எரிந்தது.

சட்டையை மாட்டிய அவர், முழுக்கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டார். இதுவும் ஒரு புதுப் பழக்கம். அந்தச் சட்டைகளை அவள்தான் தைத்தாள். மணிக்கட்டில் கஃப் வைத்து, இரட்டைப் பட்டன் வைத்து, மடிப்புக் குலையாமல். இருபது வருஷம் பட்டன் போட்டுத்தான் வெளியே போனவர், மூன்று மாதமாகக் கையைச் சுருட்டிக்கொண்டு காலேஜ் பையன் மாதிரி போகிறார்.

"யாருக்குக் காட்ட இந்த ஸ்டைலு?" என்று கேட்டாள்.

"புழுக்கமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வெளியே ஜில்லென்று காற்று அடித்துக்கொண்டிருந்தது.

*

சின்னவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் தையல்காரிக்குப் பெரிய குறை.

கொழுந்தன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் ரோட்டில். மாடிப் போர்ஷனில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாளே பாவம் என்று, ஐந்து மாதத்துக்கு முன்னால், கடைக்குப் போய் உட்காரச் சொன்னதே தையல்காரிதான். போனாள். ஒரே மாதத்தில் திரை மாற்றக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் மாதம் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிடித்தாள். இப்போது வாடிக்கையாளர்கள் "சின்னம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அவள் உட்கார்ந்திருப்பது தையல்காரியின் நாற்காலி. பதினாறு வருஷம் அவள்தான் அதில் உட்கார்ந்து, புருஷன் கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வாங்கி வரிசை மாறாமல் வைத்தாள். பிறகு பள்ளிச் சீருடை ஆர்டர்கள் குவிந்தன. தானாகத்தான் எழுந்து வந்தாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அப்போதெல்லாம் அதை அவள் ஒருநாள்கூட நினைத்ததில்லை. வேறொருத்தி உட்கார்ந்த பிறகுதான் நினைப்பு வந்தது.

'என் பேட்டரியை மாத்திட்டீங்க, என் கேமராவை உருவிட்டீங்க' என்று சண்டைக்கு வருகிறவர்களுக்காக மேஜைக்கு மேலே மாட்டிய கேமரா அது. படம் மட்டும் தெரியும், பேச்சு கேட்காது. அதுதான் வினை. பேச்சு கேட்டிருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்திருக்கும். கேட்காததால், அவர்கள் வாய் அசைவதற்கெல்லாம் வசனத்தைத் தையல்காரியே எழுதிக்கொண்டிருந்தாள். அவளைவிட மோசமாக எழுதுகிறவர்கள் இந்தப் பத்திரிகையிலேயே கிடையாது.

காலை பத்து மணி. தையல் மிஷினில் சீருடைக் காலர் ஓடிக்கொண்டிருந்தது. போன், துணிக் குவியலுக்கு நடுவே, மேலே மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தபடி இருந்தது. உறை போட்ட போனைச் சார்ஜில் போட்டு, மேலே துணியை மூடி, படமும் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? 'போனை உறையோடு சார்ஜ் போடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்' என்று கடையில் தொங்கும் போர்டை எழுதியதே அவள்தான். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

திரையில் சின்னவள் மேஜை விளக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆமா, வெளிச்சம் போட்டுக் காட்டணும், இவ அழகை" என்றாள் தையல்காரி காலரைப் பார்த்து.

பிறகு சின்னவள் நாற்காலியை இடப்பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இதையும் இந்த ஒரு வாரமாகத்தான் செய்கிறாள். பூதக்கண்ணாடி எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தையல்காரி யோசித்ததில், காலர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போய்விட்டது.

பதினொன்று இருபதுக்கு அவர் எழுந்தார். சின்னவள் டிராயரிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். சின்னவள் என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

என்ன காகிதம்? என்ன சொன்னாள்? தையல்காரி போனைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். விரல் சுட்டது. நாற்பத்தோரு சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன், அந்த நொடியில் பொட்டென்று அணைந்தது.

"சனியனே!"

அழுத்தினாள். தட்டினாள். உயிர் வரவில்லை. கடையில் அவர் எங்கே போகிறாரோ, இவள் பின்னாலேயே போகிறாளோ, ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? போனைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்தாள். போர்டு எழுதிய கையாலேயே வைத்தாள்.

பத்து நிமிஷம் கழித்து எடுத்தபோது போன் வியர்த்திருந்தது. திரையின் ஓரம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பதினாறு வருஷம் ஸ்க்ரூ எண்ணியவளுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பேட்டரி உப்பிவிட்டது. இனி அது நெருப்புப் பெட்டிக்குச் சமம்.

*

உங்கள் வீட்டில் ரிப்பேர்காரர் இருக்க, உங்கள் போனை எங்கே கொண்டுபோவீர்கள்? தையல்காரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மொட்டையின் கடைக்குப் போனாள்.

மொட்டை, பூதக்கண்ணாடிக்குத் தொழில் போட்டி. இருவரும் பார்த்தால் சிரிப்பார்கள், பார்க்காதபோது ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். தையல்காரி தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மூடி என்ன பயன்?

"அடடா! பூதக்கண்ணாடி வீட்டம்மா! வழி தவறி வந்துட்டீங்களா?"

"மெதுவா பேசுங்க."

"நீங்க என் கடைக்கு வந்ததை போட்டோ எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டணுமே."

"இதைப் பாருங்க முதல்ல."

அவர் போனை வாங்கினார். சிரிப்பு நின்றது. உறையை மெல்ல உருவினார். "ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா?"

"இல்லையே."

"ஈரமா இருக்கு."

"வேர்வை."

"போனுக்கா?" என்றவர், அதற்கு மேல் கேட்கவில்லை. பிளாஸ்டிக் சில்லு ஒன்றை ஓரத்தில் செருகி, ஊதினால் உடைந்துவிடும் என்பதுபோலப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி புடைத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல இதுல சார்ஜ் ஏத்தக் கூடாதும்மா. அழுத்தவும் கூடாது. இன்னிக்கே மாத்தணும். இந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி என்கிட்ட கிடையாது. உங்க வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கும். எனக்கே அவருதான் எடுத்துக் குடுப்பாரு."

"அவருக்குத் தெரியவேணாம்."

மொட்டை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து போனின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இந்த சார்ஜிங் பின் யாரு மாத்தினது?"

"யாரா? அவருதான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி." அன்று அவர் சொன்னது அவளுக்கு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. 'உன் போனை வேற ஆள் தொட விடுவேனா?' என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்.

"இது அவர் கை இல்லைங்களே."

"எப்படிச் சொல்றீங்க?"

"இருபது வருஷமா அவர் பாத்து விட்ட போனையெல்லாம் நானும், நான் விட்டதை அவரும் திறந்துட்டு இருக்கோம். அவர் ஈயம் வெச்சுட்டு அயர்னை எடுக்கறப்ப இடப்பக்கமா இழுப்பாரு. சின்னதா ஒரு வால் விழும். இதுல வால் வலப்பக்கம் இருக்கு. சுத்தமான வேலைதான். ஆனா புதுக் கை. இந்த நாலு மாசமா உங்க கடையிலேர்ந்து வர்ற எந்தப் போனைத் திறந்தாலும் இந்தப் புதுக் கைதான். அவர் கையைப் பாத்தே நாளாச்சு."

கடைசி இரண்டு வாக்கியம் தையல்காரியின் காதில் ஏறவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். அவள் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். தன் போனுக்குள்ளேயும் சின்னவள் கை நுழைந்துவிட்டது. அதை மறைத்து, தான் செய்ததாகப் புருஷன் பொய் சொல்லியிருக்கிறார்.

"மூடிக் குடுங்க" என்றாள்.

"பத்திரமா கொண்டுபோங்க. பையில போடாதீங்க, கையிலயே வெச்சுக்கங்க."

*

கடைக்குள் அவள் புயலாக நுழைந்தபோது புருஷன் இல்லை. சின்னவள் மட்டும் யாருடைய போனுக்கோ திரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்று எழுந்தாள்.

"அவரு எங்க?"

"பார்ட்ஸ் வாங்கப் போயிருக்காரு."

"என் போனுக்குப் பின் மாத்தினது நீதானே?"

சின்னவள் கையிலிருந்த திரையைக் கீழே வைத்தாள். "ஆமாக்கா."

"அவரு தான் மாத்தினதா சொன்னாரு."

"அப்படித்தான் சொல்லணும்னு சொன்னாரு."

"ஓஹோ! ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு என்னை முட்டாளாக்குறீங்க. இன்னும் என்னென்ன பேசி வெச்சிருக்கீங்க? சொல்லு, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்று கத்திக்கொண்டே அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

சின்னவளின் கண் போன்மேல் போனது. "அக்கா, தள்ளி நில்லுங்க. அப்புறம் திட்டுங்க."

அதற்குமேல் அவள் யாரையும் பார்க்கவில்லை. கையுறை மாட்டினாள். மேஜைக்கு அடியிலிருந்து மணல் நிரப்பிய தகர டப்பாவை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்து, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு காகிதத்தின்மேல் வைத்தாள். போனின் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடம் என்று எண் போட்ட காகிதம். தையல்காரி எப்போதோ வரைந்தது. ஓரமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி, இன்னும் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

பேட்டரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் குச்சியால் எடுத்தாள். பசை இளகச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தாள். பிறகு அவசரமே இல்லாமல், குத்தாமல், வளைக்காமல், பேட்டரியை நெம்பி எடுத்து மணலில் புதைத்தாள்.

அவ்வளவு நேரமும் தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை சுத்தம். இதை ஒப்புக்கொள்வது அவளுக்கு விளக்கெண்ணெய் குடிப்பதுபோல இருந்தது.

சின்னவள் அலமாரியிலிருந்து புதுப் பேட்டரி எடுத்துப் பொருத்தி, போனை உயிர்ப்பித்து, தையல்காரியின் கையில் கொடுத்தாள்.

"சார்ஜ் போடறப்ப உறையைக் கழட்டிடுங்க. துணிக்குள்ள வெக்காதீங்க."

தையல்காரி காத்திருந்தாள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சின்னவள் செட்டிங்ஸைத் திறக்கவே இல்லை.

"என்ன, குடிகாரன் யாருன்னு பாக்கலையா? கடை சட்டமாச்சே" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"பாக்க வேணாம்க்கா. எனக்குத் தெரியும்."

சின்னவள் சுவரில் மாட்டியிருந்த கேமராத் திரையைக் காட்டினாள். அதன் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி: பார்ப்பவர் 0.

"நீங்க பாக்கறப்ப அது ஒண்ணுனு காட்டும். பதினோரு நாளா ஒண்ணுதான். இப்பதான் பூஜ்யமாச்சு."

தையல்காரி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இருந்தும் விடவில்லை. "நான்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

"போன வாரம் புதுத் தோடு போட்டுக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வர்றப்ப கழட்டிப் பையில வெச்சுட்டேன். நீங்க படியிலயே நின்னு, 'என்ன, தோடெல்லாம் பலமா இருக்கு'ன்னு கேட்டீங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் இரண்டு வகை. ஒரு வகை தலைகுனியும். இன்னொரு வகை குரலை உயர்த்தும். தையல்காரி இரண்டாம் வகை.

"சரி, பாத்தேன்! இப்ப என்ன? பாத்ததாலதானே தெரிஞ்சுது! நேத்து மூணு பத்துக்கு அவர் கையைப் பிடிச்சியே, அது என்ன?"

"பிடிச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க பாக்கணும்னுதான் பிடிச்சேன்."

ஓங்கி ஒரு அறை விடலாம் என்றுதான் தையல்காரிக்குத் தோன்றியது. சின்னவளின் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்த்ததால் கை எழவில்லை.

"மாமாவுக்குக் கை நடுங்குதுக்கா. வலது கை. அயர்னைப் பிடிக்க முடியலை. ஸ்க்ரூவை எடுத்தா கீழ விழுது. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. முக்கியமா உங்ககிட்ட. நான் சொல்லலை, காட்டினேன். நீங்க பாக்குறீங்கன்னு தெரிஞ்ச நாளிலேர்ந்து காட்டிட்டே இருக்கேன். அவர் கை தெரியணும்னு விளக்கை இழுத்து வெச்சேன். என் உடம்பு மறைக்குதேன்னு நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். உங்களுக்குப் பிடிபடவே இல்லை. நேத்து பொறுக்க முடியாம, மணிக்கட்டைப் பிடிச்சு, நேரா கேமராவுக்குத் தூக்கிக் காட்டினேன். அப்பவும் நீங்க என் கையைத்தான் பாத்திருக்கீங்க."

தையல்காரி வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சட்டைக் கை ஞாபகம் வந்தது. ஸ்டைல் இல்லை. அவரால் பட்டன் போட முடியவில்லை. அவள் தைத்த கஃப், அவள் காஜா எடுத்த ஓட்டை, அதற்குள் பட்டனை நுழைக்க முடியாமல் மூன்று மாதமாகச் சுருட்டிவிட்டுக்கொண்டு போயிருக்கிறார். அவள் அதைக் கிண்டல் செய்து அனுப்பியிருக்கிறாள்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"நாலு மாசமா."

நாலு மாதம். தையல்காரிக்கு அழுகை வரவேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது. அவள் புருஷன் உடம்பு, அவள் புருஷன் பயம், அது நாலு மாதமாக இவளிடம் இருந்திருக்கிறது. ஆசையில் மணிக்கட்டைப் பிடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"என்கிட்ட சொல்லக்கூடாதாமா? உன்கிட்ட மட்டும் சொல்லலாமா? நான் பயந்துடுவேன், நீ பயப்பட மாட்டியோ?"

"அவர் எனக்குப் புருஷன் இல்லையேக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக. "என் முன்னாடி நடுங்கினா அவருக்கு வெக்கம் இல்லை."

தையல்காரி மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூக் காகிதத்தைப் பார்த்தாள்.

"காலையில ஒரு காகிதம் குடுத்தியே?"

"நரம்பு டாக்டரோட சீட்டு. பார்ட்ஸ் வாங்கப் போகலை, அங்கதான் போயிருக்காரு. டெஸ்ட் எடுத்தாங்க. இன்னிக்கு முடிவு சொல்றாங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா..."

கண்ணாடிக் கதவு திறந்தது.

"அட! தையல்காரம்மா கடைப்பக்கம் வந்திருக்காங்க! மழை கொட்டப் போகுது!" என்றபடி பூதக்கண்ணாடி உள்ளே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. இடது கையில் ஒரு காலிப் பை. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

சிரித்துக்கொண்டே அவர் சின்னவளைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. 'சொல்லிட்டியா?' என்று அந்தப் பார்வை கேட்டது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பார்வையில் பயம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் தையல்காரி அவரிடம் கோபம் பார்த்திருக்கிறாள், ஆசை பார்த்திருக்கிறாள், சலிப்பு நிறையப் பார்த்திருக்கிறாள். இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. புருஷன் பயப்படுவதைப் பார்க்கக்கூட உரிமை இல்லாமல் என்ன பெண்டாட்டி என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். சின்னவளை நினைத்தால் இன்னமும் எரிந்தது. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"உன் போன் சரியாயிடுச்சா? குடிகாரன் யாராம்?" என்று கேட்டார் அவர்.

"நான்தான்" என்றாள் தையல்காரி.

அவருக்கு விளங்கவில்லை. சின்னவளுக்கு விளங்கியது. அவள் ஓசைப்படாமல் மேஜையைச் சுற்றி வந்து, வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

தையல்காரி ஸ்டூலிலிருந்து எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் போய், காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அவர் வந்து உட்கார்ந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவராகச் சொல்லவேண்டும். சின்னவளிடம் சொல்வதற்கு முன்னால், தன்னிடம் சொல்லவேண்டும்.

"கையைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு? ஜோசியம் பாக்கப் போறியா?"

"குடுங்களேன்."

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

இடது கையை.